பெத்தாவின் அலுமாரியை ஸ்டோர் அறையிலிருந்து வெளியே எடுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"அக்கா, அப்பா சீதனமாகக் கட்டித் தந்த வீட்டில் இருக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகள், மகன் என்று இரண்டு பிள்ளைகள். அம்மா அதே வளவில், பின்னால் உள்ள சின்ன வீட்டில் இருக்கிறார். போன வருடம் ஹோலைத் திருத்தினோம். போனில் பார்த்த படங்களைப் போலவே சாம்பல் நிற பெயின்ற் அடித்தோம், கறுப்பு சோபா செற் எடுத்தோம், ரீவிச் சுவருக்குப் பலகை அடித்தோம், பிளாஸ்டிக் பூச்சாடிகளும் வைத்தோம். வருகிறவர்கள் வடிவாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கோ தளபாடக் கடைக்குள் இருப்பது மாதிரி இருக்கிறது. பின்னேரமானால் நானும் பிள்ளைகளும் விறாந்தையில் போய் இருந்துகொள்கிறோம். 'உனக்கென்று ஒரு ஸ்டைல் இருக்க வேணும்' என்று தங்கை சொல்கிறாள். என் ஸ்டைல் என்ன என்றே எனக்குத் தெரியவில்லை. கையில் 60,000 ரூபாய் அளவில் இருக்கிறது. பெத்தாவின் (பாட்டியின்) முதிரை அலுமாரி ஒன்று ஸ்டோர் அறையில் கிடக்கிறது. 78 சூறாவளிக்கும் தப்பியது என்று அம்மா சொல்வார். அதை விற்றால் இன்னும் கொஞ்சம் காசு வரும். விறாந்தையின் சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு மேல் டைல் போடலாம் என்று மேசன் சொல்கிறார். என்ன செய்யட்டும்?"

அன்புள்ள தங்கச்சி,

அலுமாரியை விற்காதீர்கள். மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய சாமான் வாங்குகிறவர் வாசலில் வந்து காசை நீட்டினால் அது ஒரே நாளில் லொறியில் ஏறிவிடும். அந்த அளவு முதிரைப் பலகையை இன்று தேடிப் பிடித்து, ஓடாவியிடம் கொடுத்து, அதே மாதிரி ஒன்று செய்விக்கப் போனால் உங்கள் 60,000 எந்த மூலைக்கும் காணாது.

என் ஸ்டைல் என்னவென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சற்று முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டீர்கள்: பின்னேரமானால் விறாந்தைக்குப் போகிறீர்கள். யாரும் போகச் சொல்லவில்லை, காசு கொடுத்து வாங்கிய சோபா உள்ளே சும்மா இருக்கிறது, இருந்தும் போகிறீர்கள். வீட்டு அலங்காரம் பற்றி என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எந்த இடத்தில் போய் இருக்கிறீர்கள், தேத்தண்ணிக் கோப்பையை எங்கே கொண்டுபோய் வைத்துக் குடிக்கிறீர்கள், பிள்ளைகள் எங்கே படுத்துக்கொண்டு படிக்கிறார்கள்? பிடித்த நிறம் எது என்று கேட்டால் பலரும் தடுமாறிப் போவார்கள். இதற்கு உடனே பதில் வரும்.

ஆகவே ஒரு கிழமைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். விறாந்தையில் இருக்கும்போது சுற்றிப் பாருங்கள். காலுக்குக் குளிர்ச்சியான நிலமா? தென்னை ஓலைக்கு ஊடாக வரும் வெளிச்சமா? அரைச்சுவரில் ஒரு காலை மடக்கி இருக்க முடிவதா? போகிற வருகிறவரோடு நாலு கதை பேச முடிவதா? எது உங்களை அங்கே இழுக்கிறதோ அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் சாறி அலுமாரியைத் திறவுங்கள். கல்யாணத்துக்கு வந்த பட்டுகளையும் மற்றவர்கள் வாங்கித் தந்ததையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, நீங்களாகக் கடைக்குப் போய் எடுத்து, அடிக்கடி உடுத்து, நைந்துபோன பின்னும் எறிய மனம் வராமல் வைத்திருப்பவற்றை மட்டும் கட்டிலில் பரப்புங்கள். இரண்டு அல்லது மூன்று நிறங்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் சாம்பல் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் சுவரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

போனில் வரும் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அவற்றில் பலவும் வேறு வெயிலில், வேறு காற்றில் எடுத்தவை. குளிர்நாட்டு வீட்டில் மெத்தையும் கம்பளமும் கறுப்பு சோபாவும் உடம்புக்கு இதமாக இருக்கும். நமக்கு வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது அதே கறுப்பு றெக்சின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். வடக்கு யன்னலில் வெயில் விழாது, அங்கே எப்போதும் குளிர்ந்த வெளிச்சம்தான் என்றும் அந்தப் படங்களோடு எழுதியிருப்பார்கள். நாம் இருப்பது பூமத்திய கோட்டுக்கு வடக்கே 7 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில். ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் முடிய நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். ஆக அந்த அறிவுரையைக் கேட்டு வடக்கு யன்னலுக்குத் திரைச்சீலை தைக்காமல் விட்டால் அந்த நாலரை மாதமும் வெயில் உள்ளே வரும்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஹோலில் தூக்கக்கூடிய எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ரீவிப் பலகை சுவரோடு இருக்கட்டும், சோபா, டீப்போ, பூச்சாடி, மூலை ராக்கை, சுவர்க் கடிகாரம் வரை வெளியே வரட்டும். இரண்டு நாள் ஹோலை வெறுமையாக வைத்திருங்கள். பிள்ளைகள் பாயை விரித்துக்கொண்டு எந்த மூலையில் போய் இருக்கிறார்கள், காற்று எந்த வாசலால் வந்து எந்த யன்னலால் போகிறது, எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சாமான் நிறைந்த அறையில் இதைப் பார்க்கவே முடியாது.

அதற்குப் பிறகு தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே எடுங்கள். சோபா செற்றில் மூன்று பேர் இருக்கும் பெரியதும் ஒற்றைகள் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். பெரியது மட்டும் உள்ளே வரட்டும். ஒற்றைகளை அம்மாவின் வீட்டில் போடலாம், விற்றாலும் சரி. விற்கத்தான் வேண்டுமென்றால் விற்க வேண்டியவை அவைதான். உள்ளே வருவதைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். நடக்கும் பாதைக்கு 30 அங்குலம் விடுங்கள். சோபாவுக்கும் டீப்போவுக்கும் இடையில் 16 தொடக்கம் 18 அங்குலம் இருந்தால் முழங்காலும் இடிபடாது, கோப்பையும் கைக்கு எட்டும். பிளாஸ்டிக் பூக்களை எடுத்துவிடுங்கள். தூசியைச் சேர்ப்பதைத் தவிர அவை வீட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை. பச்சை வேண்டுமென்றால் மணி பிளாண்டை ஒரு கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். ஆனால் டெங்கு உள்ள ஊர் நம்முடையது. கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதற்கு நேரமில்லை என்றால் மண் சாடியில் குரோட்டன் வையுங்கள்.

இப்போது அலுமாரி. இதில் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன்.

நாலு பேரைப் பிடித்துத்தான் அதை அசைக்க முடியும், முதிரை அவ்வளவு பாரம். இழுக்க வேண்டாம், கால் உடையும். கதவுகளைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். வெளியே எடுத்ததும் பின்பக்கப் பலகையையும் நாலு காலையும் பாருங்கள். மண் கோடு ஏறியிருந்தால் கறையான். கீழே மா மாதிரிப் பொடி கொட்டியிருந்தால் பலகை உளுக்கிறது. திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் சோக்கால் வட்டம் போடுங்கள். முதிரை லேசில் உளுக்காத மரம், ஆனாலும் பழைய ஆட்கள் பின்பக்கத்துக்கும் தட்டுகளுக்கும் மலிவான பலகை போட்டிருப்பார்கள். போனால் பெரும்பாலும் அதுதான் போயிருக்கும், மாற்றிவிடலாம்.

அரை வாளி தண்ணீரில் கோப்பை கழுவும் சவர்க்காரத் திரவம் ஒரு தேக்கரண்டி விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு பக்கமாகத் துடையுங்கள். ஒரு பக்கம் துடைத்ததும் அந்தப் பக்கத்தைக் காய்ந்த துணியால் உடனே ஒற்றிவிடுங்கள். முதல் வாளித் தண்ணீர் தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம், அது பல வருட அடுப்புப் புகையும் கைப்பிசுக்கும்தான். இரண்டு நாள் நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும்.

காய்ந்த பிறகு, கண்ணில் படாத ஒரு மூலையில், பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பழைய பொலிஷ் இளகி விரலில் ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். அப்படியென்றால் நல்ல காலம். எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை, மிக நைசான அரத்தாளால் லேசாகத் தடவிவிட்டு, அதே அரக்குப் பொலிஷைத் துணிப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சாக நாலைந்து தரம் ஏற்றினால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். பொலிஷ் வேலை தெரிந்த ஓடாவியிடம் கொடுப்பதென்றால் ஒரு சொல்லைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: நிறம் ஏற்ற வேண்டாம். தேக்கு நிறம், மஹோகனி நிறம் என்று கடும் சாயம் பூசி, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்துத் தருவது இப்போது பழக்கமாகிவிட்டது. முதிரையின் அழகே அதன் பொன் மஞ்சளும், பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது உள்ளிருந்து மினுங்கும் வரியும்தான். சாயம் பூசினால் அது போய்விடும், திரும்ப எடுப்பது பெரும் பாடு. கைப்பிடிக்குப் பக்கத்தில் பெத்தாவின் கை பட்டுப் பட்டுக் கறுத்த இடம் இருந்தால் அதையும் தேய்க்க விடாதீர்கள்.

ஹோலில் வைக்கும்போது ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கருங்கல் துண்டோ டைல் துண்டோ வையுங்கள். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிற்கட்டும். கார்த்திகை, மார்கழியில் சுவர் வியர்க்கும்போது பின்பலகை பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். விறாந்தை வாசலில் நின்று உள்ளே பார்த்தால் முதலில் கண்ணில் படும் சுவர் எதுவோ, அங்கே வையுங்கள். அங்கே இப்போது ரீவி இருக்குமென்றால் ரீவி பக்கத்துச் சுவருக்குப் போகட்டும். அலுமாரிக்குள்ளே தினம் எடுக்கும் சாமான் இருக்க வேண்டும், பிள்ளைகளின் பாடக் கொப்பிகள், போர்வை, விருந்தாளிக் கோப்பைகள் என்று எதுவானாலும். பூட்டி வைத்துப் பார்க்கும் பொருளாக அது ஆகக் கூடாது.

அலுமாரி வந்து நின்ற பிறகுதான் சுவர் நிறம் பற்றி யோசிக்க வேண்டும். பலர் இதை மறுதலையாகச் செய்கிறார்கள். முதலில் பெயின்றை அடித்துவிட்டுப் பிறகு அதற்குப் பொருந்தும் சாமான் தேடிக் கடை கடையாக அலைவார்கள். ஒரு அறையில் மாற்ற முடியாத, மாற்ற விரும்பாத பொருள் ஒன்று இருக்கும். நிறம் அதைப் பார்த்து வர வேண்டும். முதிரையின் மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம் கலந்த சாம்பல் செத்துப்போய்த் தெரியும். சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டது போன்ற வெள்ளை பொருந்தும், வேப்பந்தளிர் காய்ந்தது போன்ற மங்கிய பச்சையும் பொருந்தும். உங்கள் சாறிகளில் திரும்பத் திரும்ப வந்த நிறம் எதுவோ, அதன் வெளிறிய சாயலை ஒரு சுவருக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். அந்த நிறம் கடும் சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால் சுவருக்கு வேண்டாம், துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடை அட்டையில் இருக்கும் சின்னக் கட்டத்தைப் பார்த்து நிறம் தெரிவு செய்யக் கூடாது. ஆகச் சின்ன டின் ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி மட்டைப் பலகையில் இரண்டு பூச்சு அடியுங்கள். அதை ஒரு நாள் ஒரு சுவரிலும் மறு நாள் எதிர்ச் சுவரிலும் சாய்த்து வைத்து, காலை ஏழு மணிக்கும் நண்பகலிலும் பின்னேரம் ஐந்து மணிக்கும் இரவில் லைற் போட்ட பிறகும் பாருங்கள். நம்முடைய பிரதான வீதி கடலோரமாக வடக்குத் தெற்காக ஓடுவதால் வீதியோரத்து வீடுகள் அநேகமாகக் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். உங்கள் ஹோல் மேற்குப் பார்த்ததென்றால் பின்னேர வெயிலில் மஞ்சள் கலந்த வெள்ளை இன்னும் மஞ்சளாகும், அப்போது ஒரு படி வெளிறியதாக எடுங்கள். கிழக்கென்றால் காலையில் வெளிச்சம் கொட்டும், பின்னேரத்தில் அறை சோர்ந்துபோகும். அதற்கு இந்த மஞ்சள் சாயல் நல்ல துணை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 12 அடிக்கு 14 அடி ஹோல், 10 அடி உயரம் என்று வைத்தால் நாலு சுவரும் 520 சதுர அடி. கதவு, யன்னலுக்கு ஒரு 100 கழியுங்கள். உட்சுவர் இமல்ஷன் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும். ஆக இரண்டு பூச்சுக்கு எட்டு லீற்றருக்குக் கொஞ்சம் கூடப் போகும். அதற்கு மேல் கணக்குச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இப்போது அடித்திருக்கும் சாம்பல் நிறம் கடுமையானதென்றால் மட்டும் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு வேண்டிவரும்.

எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். நம் ஊரில் தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பது வழக்கம். வழக்கம் நல்லதுதான், ஆனால் கார்த்திகை, மார்கழி முழுவதும் வாடை மழையைக் குடித்த சுவர் தை பிறக்கும்போது காய்ந்திருக்காது. அதற்கு மேல் பெயின்ற் அடித்தால் மாசியில் கொப்பளம், பங்குனியில் உரிவு. சித்திரைப் புத்தாண்டுக்கு அடியுங்கள். பங்குனி வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தாமல் மேலே எந்த விலையுயர்ந்த பெயின்ற் அடித்தாலும் நிற்காது. அநேகமாக வெளிச்சுவரோடு அணைத்துக் கொட்டிய மண், இல்லாவிட்டால் கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கும் இடம்.

சுவருக்குச் செலவழிப்பதற்கு முன்னாலேயே லைற்றை மாற்றிப் பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் மலிவான மாற்றம், பலன் அன்றிரவே தெரியும். உங்கள் சீலிங்கில் இருப்பவை 6500 கெல்வின் வெள்ளை பல்ப்களாக இருக்கும், பெட்டியில் போட்டிருப்பார்கள், பாருங்கள். சாம்பல் சுவரில் அந்த வெளிச்சம் விழுந்தால் யாருடைய ஹோலும் கடைதான். பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு மேல் அந்த வெள்ளை இருக்கட்டும், அங்கே அது தேவை. சோபாவுக்குப் பக்கத்திலும் அலுமாரிக்குப் பக்கத்து மூலையிலும் 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் தரும் 7 வாற் எல்.ஈ.டி. பல்ப் ஒவ்வொன்று, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்படி வையுங்கள். பனையோலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பல்ப்புக்கு உறையாக்கலாம், எல்.ஈ.டி. அவ்வளவாகச் சுடாது, ஆனாலும் ஓலை பல்ப்பில் முட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டே இணைப்புக் கொடுங்கள்.

துணிக்கு வருவோம். கல்முனை பஸ் எடுத்தால் மருதமுனை எவ்வளவு தூரம்? கைத்தறிக்குப் பேர்போன ஊர் உங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது கொழும்பிலிருந்து வரும் பொலியெஸ்டர் குஷன் உறை எதற்கு என்று நான் எப்போதும் கேட்பேன். சாறம் வாங்குங்கள். நேரே நெசவு வீடுகளுக்குப் போனால் தறியில் இருக்கும் நிறத்தையே பார்த்து எடுக்கலாம். தைக்காத சாறத் துணி ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளம் வரும், அதில் 16 அங்குலக் குஷன் உறை நாலு தைக்கலாம். வெட்டுவதற்கு முதல் தண்ணீரில் தனியாக ஒரு தரம் அலசிக் காய வையுங்கள், மிஞ்சிய சாயம் போவதும் துணி சுருங்குவதும் பெரும்பாலும் அப்போதே முடிந்துவிடும். கட்டங்களும் கோடுகளும் கலந்து வரலாம், ஒரு நிறம் மட்டும் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கட்டும். அந்தக் கறுப்பு சோபாவின் மேல் ஒரு மருதமுனைப் போர்வையை விரித்துவிட்டால் றெக்சினும் முதுகில் ஒட்டாது, சோபாவையும் மாற்ற வேண்டியதில்லை.

திரைச்சீலைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பருத்தி, யன்னலின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி, தடியை யன்னல் நிலைக்கு நாலைந்து அங்குலம் மேலே போடுங்கள், இரண்டு பக்கமும் அரை அடி நீட்டிவிடுங்கள். இரும்புத் தடி வேண்டாம், உப்புக் காற்றில் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. மூங்கிலோ அலுமினியமோ போதும்.

காத்தான்குடிப் பாய் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. சாயம் போட்ட பன்பாயில் அந்தச் சிவப்பும் பச்சையும் ஊதாவும் வரும் ஒழுங்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அது கணக்குத் தெரிந்த கை செய்த வேலை. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுகிறார்கள், நாம் கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைக்கிறோம். இலங்கையின் முன்னோடிக் கட்டிடக் கலைஞர்களில் ஒருவரான மினெற் டி சில்வா (1918–1998), ஊர்க் கைவினைஞர்களின் வேலையைத் தன் நவீன வீடுகளுக்குள் துணிந்து கொண்டுவந்தவர். கைத்தறித் துணிகளின் நிறச் சேர்க்கைக்காகவே பெயர் பெற்றவர் பாபரா சன்சோனி (1928–2022). அவர்களெல்லாம் தேடிப்போய் எடுத்த இந்த வகைப் பொருள் உங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சந்தையில் கிடைக்கிறது. ஒரு நல்ல பாயை ரீவிக்கு எதிரே தரையில் விரியுங்கள், சோபாவின் முன்கால்கள் இரண்டும் அதன் மேல் வரட்டும். பிள்ளைகள் அங்கேயே வந்து படுப்பார்கள். மழைக்காலத்தில் கிழமைக்கு ஒரு தரம் வெயில் கண்ட நேரம் பார்த்துக் காய வைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

சுவரில் படங்கள் மாட்டுவதற்குப் பொதுவாக ஒரு அளவு சொல்வோம், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 தொடக்கம் 60 அங்குலம். அது நின்று பார்ப்பவர்களுக்கு. உங்கள் வீட்டில் பாயிலும் இருப்பீர்கள், ஆகவே ஆறு அங்குலம் இறக்கி மாட்டலாம். மகளின் சித்திரங்கள் இருந்தால் ஒரே நிறச் சட்டம் நாலு செய்வித்து, பின்பக்கம் திறந்து மாற்றக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள், அவள் புதிதாகக் கீறும்போது மாற்றலாம். ஆனால் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் போரிலும் 2004 டிசம்பர் 26 கடல்கோளிலும் போனவர்களின் படங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருந்தால் அந்தப் படத்துக்கு என்னுடைய அளவுகள் எதையும் பார்க்க வேண்டாம். அம்மா எங்கே வைத்தாரோ அங்கேயே இருக்கட்டும், பூமாலையோடும் சிவப்பு பல்ப்போடும். சட்டத்தை மட்டும் பூஞ்சணம் புகாமல் திறந்து துடைத்து, முடிந்தால் படத்தை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

காசை இந்த ஒழுங்கில் செலவழியுங்கள்: முதலில் பல்ப், பிறகு அலுமாரியின் பொலிஷ், பிறகு துணியும் பாயும், சித்திரைக்குக் கிட்ட பெயின்ற். இவை ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மாதமாவது விடுங்கள். பல்ப்பை மாற்றிய பிறகு சாம்பல் சுவரே பரவாயில்லை என்று தோன்றினால் பெயின்ற் காசு மிச்சம், அந்தக் காசில் ரீவிப் பலகையைக் கழற்றுங்கள். சிப்போர்ட் பலகைதான் என்று நினைக்கிறேன். வெள்ளம் வந்தால் முதலில் ஊதுவது அதுதான், 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த நமக்கு அது தெரியும்.

விறாந்தை நிலத்துக்கு டைல் வேண்டாம். உங்கள் வீட்டிலேயே நீங்கள் விரும்பி இருக்கும் ஒரே இடம் அது, அதன் நிலத்தையா மூடுவது? சிவப்புச் சீமெந்து வெயில் நேரத்திலும் காலுக்கு இதமாக இருக்கும், மழையில் நனைந்த காலோடு பிள்ளைகள் ஓடி வந்தால் மினுக்கிய டைல் அளவுக்கு வழுக்காது, தேயத் தேய மினுக்கமும் ஏறும். வெடிப்புகள் இருந்தால் மேசனிடம் இப்படிச் சொல்லுங்கள்: வெடிப்பை ஒரு விரற்கடை ஆழத்துக்கு வெட்டித் துப்புரவாக்கி, நைசாக அரித்த மணலும் சீமெந்தும் சிவப்புத் தூளும் சேர்த்து நிரப்பி, ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு வைக்க வேண்டும். புதுச் சிவப்பு பழைய சிவப்போடு ஒத்துப்போகாமல் கொஞ்ச நாள் கோடு கோடாகத் தெரியும், அதற்காகத் திரும்ப டைல் கதையை எடுக்க விடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சிவப்புப் பொலிஷைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, ஒரு மணித்தியாலம் விட்டுத் தென்னம் பொச்சால் உரசுங்கள். வாசற்படிக்கு மட்டும் பொலிஷ் போட வேண்டாம், அம்மா வழுக்கிவிடுவார்.

அன்புடன்,
அக்கா